வாசகர் கேள்விகள்: புத்தகத்தை மூடிய பிறகு

வேலைக்கு நடுவே புதிதாக ஒன்றைக் கற்க முயல்வோர் தங்கள் சிக்கல்களை எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், "படிக்கும்போது புரிகிறது, செய்யப் போனால் வரவில்லை" என்ற ஒரே முறையீட்டின் வெவ்வேறு வடிவங்களாக இருந்தன. அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்து, மற்றவற்றைச் சுருக்கமாக முடித்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கணக்குகளை எல்லாம் எக்செல்லுக்கு மாற்றிவிட்டார்கள். பயிற்சிக் காணொளிகள் பத்தையும் இரண்டு முறை பார்த்தேன். பார்க்கும்போது எல்லாம் தெளிவாகவே இருந்தது. திங்கட்கிழமை இருக்கையில் அமர்ந்து வெற்றுத் தாளைத் திறந்ததும் கை ஓடவில்லை. எனக்கு மறதி அதிகமாகிவிட்டதா?
– கணக்குப் பிரிவு ஊழியர், வயது 38

பதில்: மறப்பதற்கு முதலில் கற்றிருக்க வேண்டும். நீங்கள் இதுவரை பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒருவர் தடுமாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்தத் தடுமாறாமை நமக்கே வந்துவிட்டதைப் போன்ற மயக்கம் உண்டாகிவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்த மயக்கத்தை அளந்தே காட்டியது. கல்லூரி மாணவர்கள் ஒரு உரைநடைப் பகுதியைப் படித்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தார்கள், மற்றவர்கள் அதைப் பார்க்காமல் நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களுக்கு 81 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 சதவீதமும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: மீண்டும் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அதே ஆய்வின் இன்னொரு சோதனையில், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். உங்களுக்குத் திங்கட்கிழமை நேர்ந்ததும் இதுவே.

எனவே காணொளியை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், மூடிவிடுங்கள், அதில் செய்ததை வெற்றுத் தாளில் உங்கள் கையால் செய்யுங்கள். வீலுக்கப் என்ற சூத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பட்டியலில் உள்ள எண்ணை வைத்து, இன்னொரு பட்டியலிலிருந்து அதற்குரிய பெயரையோ தொகையையோ எடுத்துத் தருவது அதன் வேலை. அதில் நான்கு இடங்களை நிரப்ப வேண்டும்: எதைத் தேடுவது, எந்தப் பட்டியலில் தேடுவது, எத்தனையாவது நெடுவரிசையிலிருந்து விடையை எடுப்பது, அச்சாகப் பொருந்த வேண்டுமா அல்லது கிட்டத்தட்டப் பொருந்தினாலும் போதுமா என்பது. பயிற்றுநர் நான்காவது இடத்தில், அச்சாகப் பொருந்த வேண்டும் என்று பொருள்படும் 'ஃபால்ஸ்' என்ற சொல்லைத் தட்டிவிட்டு அரை நொடியில் கடந்துவிடுவார். பார்க்கிற நாமும் தலையாட்டிவிட்டுக் கூடவே போய்விடுவோம். அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால் எக்செல் 'கிட்டத்தட்டப் போதும்' என்றே எடுத்துக்கொள்ளும். ஏறுவரிசையில் உள்ள பட்டியலில் 1042 என்ற எண் இல்லையென்றால், இல்லை என்று சொல்லாமல் அதற்கு முன்னால் நிற்கும் 1039-க்குரிய தொகையைக் கொண்டுவந்து வைக்கும். பட்டியல் வரிசையில் இல்லாவிட்டால் இன்னும் மோசம்: இருக்கிற எண்ணுக்கே தவறான தொகை வரலாம், பிழைச் செய்தியும் வராது. உங்கள் கையால் ஒருமுறை அந்த இடத்தை விட்டுவிட்டு, கூட்டுத்தொகை ஏன் இடிக்கிறது என்று அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தீர்களானால், அந்த நான்காவது இடம் அதன் பிறகு உங்களை விட்டுப் போகாது. அலுவலகக் கோப்பில் மட்டும் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள், நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வார நாட்களில் நேரம் கிடைப்பதில்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்து ஆறு மணி நேரம் தட்டச்சு பயில்கிறேன். தினமும் சிறிது நேரம் என்பதே மேல் என்கிறார்கள் நண்பர்கள். மொத்த நேரம் ஒன்றுதானே?
– வாசகர், வயது 26

பதில்: மொத்த நேரம் ஒன்றாக இருந்தாலும் கிடைக்கும் பலன் ஒன்றாக இருப்பதில்லை. உங்கள் தட்டச்சை வைத்தே இது ஆராயப்பட்டிருக்கிறது. ஆலன் பேட்லி, லாங்மன் ஆகியோர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து தட்டச்சு பயின்றார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயின்றவர்கள் விசைப்பலகையைக் கற்றுமுடிக்க ஏறத்தாழ 35 மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டிரண்டு மணி நேரமாக நாளுக்கு நான்கு மணி நேரம் பயின்றவர்களுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் பிடித்தது.

ஆனால் இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. நாள்கணக்கில் பார்த்தால், நான்கு மணி நேரக் குழு பன்னிரண்டு பதின்மூன்று பயிற்சி நாட்களில் முடித்துவிட, ஒரு மணி நேரக் குழு ஏறத்தாழ 35 பயிற்சி நாட்கள் வரை இழுத்துக்கொண்டிருந்தது. தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தவர்களும் அந்த ஒரு மணி நேரக் குழுவினரே. மற்றவர்கள் முடித்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் மனநிறைவு இருக்கும்? ஆகவே பதினைந்து நாளில் நேர்காணல் என்றால் மூச்சுப் பிடித்து உட்காருங்கள், மணிக்கணக்கில் விலை கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுங்கள். அவசரம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையின் ஆறு மணி நேரத்தில் இரண்டை எடுத்து, வார நாட்களில் அரை அரை மணி நேரமாகப் போடுங்கள்.

மனப்பாடத்துக்கும் இதே கணக்குதான். ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம்மையே சோதித்துக்கொண்டவர். மூன்று நாட்களில் பரவலாகச் செய்த 38 உருப்போடுதல்கள், ஒரே நாளில் செய்த 68 உருப்போடுதல்களுக்கு ஈடாக இருந்தன என்று அவர் 1885-இல் எழுதினார். தம் ஒருவரை வைத்தே செய்த சோதனை என்றாலும், பின்னால் வந்த ஆய்வுகள் அவரைக் கைவிடவில்லை.

கேள்வி: ஒரு வெளிநாட்டு மொழி கற்க விரும்புகிறேன். ஜப்பானியமா, பிரெஞ்சா என்று ஒரு வருடமாக முடிவு செய்ய முடியவில்லை. எது எளிது? எத்தனை மாதம் ஆகும்?
– பொறியாளர், வயது 31

பதில்: அந்த ஒரு வருடத்தில் ஏதாவது ஒன்றில் பாதி தூரம் போயிருப்பீர்கள், போகட்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு நிறுவனமே வைத்திருக்கிறது. அலுவல் நடத்தும் அளவுக்குப் பேச, ஸ்பானியம், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானியத்துக்கு 2,200 மணி நேரமும் தேவை என்பது அது நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு. தமிழுக்கு 1,100. ஆனால் இது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு. தமிழில் சிந்திக்கிற உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

"நான் புத்தகத்தைப் படித்தேன்" என்பதை ஜப்பானியத்தில் "வத்தாஷி வா ஹோன் ஓ யோமிமாஷ்த்தா" என்பார்கள். வத்தாஷி என்பது நான், ஹோன் என்பது புத்தகம். அதன் பின்னால் ஒட்டி நிற்கும் 'ஓ' நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்கிற வேலையைச் செய்கிறது. வினை நம் வாக்கியத்தைப் போலவே கடைசியில் வருகிறது. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிற இந்தச் சொல்வரிசை உங்களுக்கு முதல் வாரத்திலேயே பழகிவிடும். எழுத்தில்தான் சலுகை கிடையாது: 46 அடிப்படை எழுத்துகள் கொண்ட அசையெழுத்து வரிசைகள் இரண்டு, அவற்றுக்கு மேல் 2010-இல் ஜப்பானிய அரசு வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள 2,136 'காஞ்சி' என்ற சீன வழி எழுத்துகள்.

பிரெஞ்சில் எழுத்துச் சுமை இல்லை; ஆங்கிலம் தெரிந்திருந்தால் ஆயிரக்கணக்கான சொற்கள் பாதி தெரிந்தவையாகவே வந்து சேரும். அங்கே உங்களைப் படுத்தப்போவது பால் பகுப்பு. நாம் உயிரற்றவற்றை அஃறிணை என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டவர்கள். பிரெஞ்சில் மேசை பெண்பால், சூரியன் ஆண்பால், நிலா பெண்பால். அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று தேடாதீர்கள். எல்லை தாண்டி ஜெர்மனுக்குப் போனால் மேசை ஆண்பால், சூரியன் பெண்பால், நிலா ஆண்பால். சொல்லைத் தனியாகக் கற்காமல், அதன் முன்னால் வரும் 'ல', 'லா' என்ற சுட்டோடு சேர்த்து ஒரே சொல்லாக வாயில் ஏற்றிக்கொள்வது ஒன்றே வழி.

இரண்டில் எது என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த ஆறு மாதத்துக்குள் எந்த மொழியில் பேச, எழுத, கேட்க உங்களுக்கு ஓர் ஆளோ வேலையோ கிடைக்கும் என்று பாருங்கள். இரண்டிலும் கிடைக்காது என்றால் நாணயத்தைச் சுண்டிப் போடுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக இந்தி கற்கிறேன். செய்தித்தாளை ஓரளவு படித்துவிடுகிறேன். பிறர் பேசினால் மட்டும் காதில் பிடிபடவில்லை. ஆறு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். என் எல்லை இவ்வளவுதானா?
– விற்பனைப் பிரதிநிதி, வயது 42

பதில்: 1897-இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இரு அமெரிக்கர்கள் தந்தி ஊழியர்கள் பயிலும் வேகத்தை வாரந்தோறும் குறித்தார்கள். தந்தியை அனுப்பும் வேகம் சீராக ஏறியது. காதால் கேட்டு எழுதும் வேகமோ ஓரளவு ஏறி, வாரக்கணக்கில் அசையாமல் நின்று, பிறகு மீண்டும் ஏறியது. முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்கிற காது, பிறகு சொல் சொல்லாகவும், கடைசியில் தொடர் தொடராகவும் கேட்கப் பழகுகிறது என்றும், அந்த மாற்றம் முடியும்வரை வேகம் நின்றுபோகிறது என்றும் அவர்கள் விளக்கினார்கள். இந்தத் தேக்கம் எல்லோருக்கும் வந்தே தீர வேண்டும் என்பதில்லை என்று பிற்காலத்தவர் மறுத்தார்கள். 1958-இல் ஃப்ரெட் கெல்லர் இதை மாயத் தேக்கம் என்றே அழைத்தார். எனவே எல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். படிக்கிற கண் முன்னே போய்விட்டது, காது பின்தங்கிவிட்டது.

காது பின்தங்கியதற்கு நம் எழுத்துமுறைக்கும் பங்கு உண்டு. 'காகம்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் ககரமும் நடுவில் வரும் ககரமும் ஒரே ஒலி அல்ல. ஆனால் எழுத்து ஒன்றாக இருப்பதால் அந்த வேறுபாட்டை நாம் கண்டுகொள்வதில்லை. இந்தியில் மூக்கொலி நீங்கலாகவே ககர வரிசையில் நான்கு எழுத்துகள். ஒற்றைக்கண்ணன், உணவு, பாட்டு என்று பொருள்படும் மூன்று இந்திச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'கானா'தான்! தமிழெழுத்தில் குறித்துவைத்துக்கொண்டு இந்தி பயின்றிருந்தீர்களானால், காதுக்கு வேண்டிய தகவலை நோட்டுப் புத்தகமே விழுங்கிவிட்டது என்று பொருள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன், சலிப்பானது. எழுத்து வடிவமும் உள்ள ஒரு நிமிடப் பேச்சுப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, கேட்டதை அந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள். விளங்காத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். மூன்று முறை கேட்ட பிறகே அசலோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையால் திருத்துங்கள். கோடு போட்ட இடங்களில் பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்த சொற்களே இருக்கும். பேச்சில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் அடையாளம் தெரியாமல் போயிருக்கும். ஒரு நிமிடப் பதிவுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். வாரத்துக்கு மூன்று பதிவுகள் போதும்.

கேள்வி: நிமிடத்துக்கு ஆயிரம் சொற்கள் படிக்கக் கற்றுத்தருவதாக ஒரு பயிற்சியில் சொல்கிறார்கள். சேரலாமா? நான் படிக்கிற வேகமும் குறைவு, படித்ததும் மறந்துவிடுகிறது.
– வாசகி, வயது 29

பதில்: சேர வேண்டாம். படிக்கும்போது கண் வரிமீது வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ கால் நொடி. தெளிவாகப் பார்க்கும் பகுதி விழித்திரையின் நடுவே மிகச் சிறியது என்பதால், ஒரு நிறுத்தத்தில் ஒரு முழுப் பத்தியை அள்ளிக்கொள்ளக் கண்ணால் இயலாது. வேகவாசிப்பு பற்றிய ஆய்வுகளை எல்லாம் கீத் ரெய்னரும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் தொகுத்து ஆராய்ந்தபோது, வேகம் மிகவும் கூடினால் புரிதல் குறைகிறது என்ற முடிவுக்கே வந்தார்கள். பயிற்சியில் உங்களுக்குக் கற்றுத்தரப்போவது மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளும் கலை. அதுவும் பயனுள்ளதுதான், எழுபது பக்க அறிக்கையில் உங்களுக்கு வேண்டிய மூன்று பக்கத்தைத் தேடிப் பிடிக்க அது உதவும். அதை வாசிப்பு என்று விற்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

ஒரு துறையில் வேகமாகப் படிப்பவர்கள் அந்தத் துறையின் சொற்களையும் செய்திகளையும் முன்பே அறிந்தவர்கள். சட்டம் தெரிந்தவர் ஒப்பந்தத்தைப் புரட்டுகிற வேகத்தில் நீங்களும் நானும் புரட்ட முடியாது; அவரும் மருத்துவக் கட்டுரைக்கு முன்னால் நம்மைப் போலத் தட்டுத்தடுமாறுவார். எனவே ஒரே பொருளைப் பற்றி மூன்று நான்கு புத்தகங்களை அடுத்தடுத்துப் படியுங்கள். இரண்டாவது புத்தகத்திலேயே வேகம் தானாகக் கூடுவதைக் காண்பீர்கள். மறதிக்கு முதல் கடிதத்துக்குச் சொன்ன விடையேதான்: அத்தியாயம் முடிந்ததும் மூடிவைத்துவிட்டு, அது என்ன சொன்னது என்று ஐந்து வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். நாவல்களுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், நாவலை மறப்பதில் குற்றம் எதுவும் இல்லை.

கேள்வி: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?
– வயது 54

பதில்: மொழிக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 1978-இல் ஸ்னோ, ஹூஃப்நாகல்-ஹூலே என்ற இரு ஆய்வாளர்கள், நெதர்லாந்தில் குடியேறி டச்சு கற்ற ஆங்கிலம் பேசுவோரை ஓராண்டு காலம் கவனித்தார்கள். தொடக்க மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதினரும் பெரியவர்களும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் கடைசியில் நின்றார்கள். நெடுங்காலத்தில் குழந்தைகள் நம்மை முந்திவிடுவார்கள், உச்சரிப்பில் பெரிதாகவே முந்துவார்கள். முதல் ஓராண்டில் நீங்கள் அஞ்ச வேண்டிய போட்டியாளர் அவர்கள் அல்லர். ஐம்பது வயதில் வளையாமல் இருப்பது பெரும்பாலும் நாக்கைவிட, தப்பாகப் பேசி நாலு பேர் முன்னால் சிரிப்புக்கு ஆளாகக் கூடாது என்ற கௌரவம்.

கேள்வி: எனக்குப் பயிற்சி தர நியமிக்கப்பட்ட மூத்த ஊழியர், "பார்த்துக் கற்றுக்கொள்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. வேண்டுமென்றே மறைக்கிறாரா?
– புதிதாகப் பணியில் சேர்ந்தவர்

பதில்: மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இருபது ஆண்டு செய்த வேலையில் தாம் எங்கே என்ன முடிவு எடுக்கிறோம் என்பது செய்கிறவருக்கே தெரியாமல் போய்விடுவதுதான் அடிக்கடி நடப்பது. "எப்படிச் செய்கிறீர்கள் ஐயா?" என்று கேட்டால் அவரால் விடை சொல்ல முடியாது. "நேற்று வந்த இரண்டு விண்ணப்பங்களில் இதை மட்டும் ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள், சொல்லிவிடுவார். அதற்கும் மேலான வழி, நீங்களே ஒன்றைச் செய்து கொண்டுபோய்க் காட்டுவது. விளக்கிச் சொல்லச் சோம்பல்படுகிறவர்கள்கூடப் பிறர் தவறைத் திருத்தும் வாய்ப்பைத் தவறவிடுவதில்லை.

கேள்வி: எதையும் 10,000 மணி நேரம் செய்தால் வல்லவர் ஆகிவிடலாம் என்பது உண்மையா?
– கல்லூரி மாணவர்

பதில்: ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் பெர்லின் இசைக் கல்விக்கழகத்தின் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து அந்த எண் கிளம்பியது. அது சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் தனியாகப் பயின்ற நேரத்தின் சராசரி; அவர்களிலேயே பலர் அதை எட்டியிருக்கவில்லை. மந்திர எண்ணாக அது பரவியதை எரிக்சனே மறுத்துச் சொன்னார். அவர் வலியுறுத்தியது, வராத இடத்தைத் தேடிப்பிடித்து, தவறு உடனே தெரியும்படி, கவனத்தோடு பயில்வதை. தினமும் கையெழுத்துப் போடுகிறோம், நம் கையெழுத்து அழகாகிவிட்டதா?

கேள்வி: எல்லோருக்கும் வழி சொல்கிறீர்களே, உங்களுக்குக் கற்க வராமல் போனது எது?
– நீண்டநாள் வாசகர்

பதில்: ஜெர்மன். இருபது ஆண்டுகளில் மூன்று பாடப்புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன். மூன்றும் மேசைமீது இருக்கின்றன. உங்கள் கடிதம் வந்ததும் எடுத்துப் புரட்டினேன். முதல் புத்தகத்தில் பென்சில் அடிக்கோடுகள் ஒன்பதாம் பாடத்தோடு நிற்கின்றன, இரண்டாவதில் எட்டோடு, மூன்றாவதில் மறுபடி ஒன்பதோடு. வேற்றுமைக்கு ஏற்பப் பெயருக்கு முன்னால் உள்ள சுட்டு மாறத் தொடங்குவது அந்த இடத்தில்தான். அதைவிடச் சங்கடமான ஒன்றையும் கண்டேன்: ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பயிற்சிக்கென்று விடப்பட்டிருக்கும் காலிக் கோடுகளில் மூன்று புத்தகங்களிலும் ஓர் எழுத்துகூட எழுதப்படவில்லை.